பாயின்ட் ஷூ: ஆசிரியர் இல்லாமல் ஏன் ஏறக்கூடாது, அதுவரை என்ன செய்யலாம்

பாலே வகுப்புக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டில் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தே தீரும்: "அம்மா, எனக்குப் பாயின்ட் ஷூ வேணும்." பாலேயில் விரல் நுனியில் ஏறி நின்று ஆடப் போடும் கெட்டியான ஷூ அது. டீச்சர் அதைப் பற்றி இன்னும் வாயே திறந்திருக்கமாட்டார். ஆனால் பிள்ளை யூடியூபில் பார்த்திருப்பாள், கூடப் படிக்கும் யாராவது வாங்கியிருப்பாள். இணையக் கடைக்காரர் கால் அளவை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார். வகுப்புக்கே போகாமல், முப்பது வயதுக்கு மேல் ஆசை வந்து, கூடத்தில் வீடியோவைப் போட்டுக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கும் பெரியவர்களும் தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் பாலே பழகுவதில் தவறே இல்லை. மெல்லிய ஷூ போட்டுக்கொண்டு பிளியே (முழங்காலை மடக்குவது), டாண்டு (பாதத்தைத் தரையோடு நீட்டுவது) எல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் செய்யுங்கள். நான் வேண்டாம் என்பது ஒன்றைத்தான்: பார்த்துத் திருத்த ஆள் இல்லாமல் விரல் நுனியில் ஏறுவது.

நம் வீடுகளில் இதை ஏன் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது? பரதநாட்டியம் என்றால், டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ எந்த ஆயாவை, அதாவது பாட்டியை, கேட்டாலும் சொல்வார்: டீச்சர் சொல்லாமல் சலங்கை கட்டக்கூடாது, சலங்கை பூஜை முடிய வேண்டும் என்று. பாலேக்கு அப்படிச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நிறவெறிக் காலத்தில் பாலே அரங்கும் பள்ளியும் நமக்கான இடமாகவே இல்லை. கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் 1928இல் பிறந்த ஜோஹார் மோசவல், லண்டன் ராயல் பாலேயில் முதன்மைக் கலைஞராக உயர்ந்தவர். அவரே ஊர் திரும்பித் தொடங்கிய பள்ளியை, எல்லா இனப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்பதற்காக அரசு மூடவைத்தது. அதனால் பாயின்ட் ஷூ விஷயத்தில் நம் பெற்றோர் பலருக்குக் கேட்டறியப் பாட்டியோ பெரியம்மாவோ கிடையாது. ஷூவும் ஒரு காலணிதானே, பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தால் என்ன என்றுதான் தோன்றும்.

ஷூவுக்குள் என்ன இருக்கிறது

வெளியே பளபளக்கும் சாட்டின். உள்ளே, துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கெட்டியான கூடு ஒன்று விரல்களைச் சுற்றி நிற்கும், அதுதான் பாக்ஸ். பாதத்துக்கு அடியில் ஓடும் விறைப்பான பட்டை ஷாங்க். அட்டையிலும் தோலிலும் செய்வது பழைய முறை. கெய்னர் மிண்டன் போன்ற கம்பெனிகள் பிளாஸ்டிக் வகையில் செய்கின்றன. நுனியில் சின்னதாக ஒரு தட்டையான இடம் இருக்கும். தீப்பெட்டியின் முகம் அளவுகூட வராது. உடம்பின் மொத்த எடையும் அந்த இடத்தில்தான் இறங்குகிறது.

ஷூதான் ஆளைத் தூக்கி நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1832இல் பாரிஸில் மேரி டாக்லியோனி விரல் நுனியில் ஆடிப் பேர் வாங்கியபோது அவர் போட்டிருந்தது மெல்லிய செருப்பு மாதிரியான ஷூதான். பாக்ஸும் இல்லை, ஷாங்கும் இல்லை, நுனியில் கொஞ்சம் நூல் தையல் மட்டும். தூக்கியது அவருடைய கால். அந்தக் காலை அப்படி ஆக்கியவர் அவருடைய அப்பா ஃபிலிப்போ. மகளைத் தினமும் மணிக்கணக்கில் பயிற்சி கொடுத்து வாட்டி எடுத்தவர். கால் தன் வேலையைச் செய்தால் இன்றைய ஷூ அதற்குத் துணை நிற்கும். செய்யாவிட்டால் பாதம் பாக்ஸுக்குள் அப்படியே இறங்கி உட்கார்ந்துவிடும்.

தனியாக ஏறினால் எது கெடும்

இடுப்பு, முழங்கால், கணுக்கால், விரல் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். புதிதாக ஏறுபவருக்கு அந்தக் கோடு மூன்று விதத்தில் தவறும்.

கணுக்கால் வெளிப்பக்கமாகச் சரிந்து, எடை சுண்டுவிரல் பக்கம் போவது முதல் வகை. பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும் நிலையில்தான் கணுக்கால் எளிதில் சுளுக்கும். வெளிப்பக்கத் தசைநார் இழுபடும், சில நேரம் கிழியும். சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பு முறிவதும் இப்படி விழும்போதுதான்.

இரண்டாவது, கணுக்கால் போதுமான அளவு நீளாமல், எடை நுனித் தட்டுக்குப் பின்னாலேயே நின்றுவிடுவது. பார்த்தால் ஏறி நிற்பது போலவே இருக்கும். உண்மையில் முழங்கால் லேசாக மடிந்திருக்கும், இடுப்பு பின்னால் தள்ளியிருக்கும். கணுக்காலின் பின்பக்கம் எலும்புகள் ஒன்றையொன்று நெருக்கும். சிலருக்கு அந்த இடத்தில் பிறவியிலேயே ஒரு சின்ன எலும்பு கூடுதலாக இருக்கும். அவர்களுக்கு வலி இன்னும் சீக்கிரம் வரும்.

மூன்றாவது, விரல்களை மடக்கித் தரையைப் பிடிப்பது. பாக்ஸுக்குள் விரல் நீண்டு இருக்க வேண்டும். பலம் போதாதபோது பாதம் தானாகவே மடக்கும். பெருவிரலுக்குப் போகும் தசைநாண் கணுக்காலின் பின்னால் வளைந்து ஓடுகிறது. இந்தப் பழக்கத்தால் அது வீங்கும். பெருவிரல் நகத்தடியில் இரத்தம் கட்டும். எடை தப்பான இடத்தில் விழுந்துகொண்டே இருந்தால் இரண்டாவது விரலுக்கான பாத எலும்பின் கணுக்கால் பக்க முனையில் நுண்விரிசல் வரலாம். பாலே ஆடுபவர்களிடம் அடிக்கடி பார்க்கும் காயம் இது. வாரக்கணக்கில் காலை ஓய்வாக வைத்துத்தான் ஆற வேண்டும்.

இதில் தொல்லை என்னவென்றால், இந்த மூன்றும் ஆரம்பத்தில் வலிக்காது. "வலிக்கலையே, அப்போ சரியாத்தானே செய்றேன்" என்று பிள்ளை சொல்வாள், பொய்யும் சொல்லமாட்டாள். கண்ணாடி வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கண்ணாடி முன்பக்கத்தைக் காட்டும். குதிகால் எந்தப் பக்கம் போகிறது என்பது பின்னால் நின்றால்தான் தெரியும். தலையைத் திருப்பிக் காலைப் பார்த்தால் அந்த நொடியே நிற்கும் கோடு மாறிவிடும். போனில் படம் பிடித்துப் பார்க்கலாம், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் பார்த்தால்தான் பயன்.

முதல் படி: வயதையும் வருடத்தையும் கணக்குப் பாருங்கள்

நடன மருத்துவ அறிவியலுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் வழிகாட்டல் நேரடியாகவே பேசுகிறது: 12 வயதுக்கு முன் பாயின்ட் வேண்டாம். வாரத்துக்கு ஒரே ஒரு வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு ஊக்கம் கொடுக்காதீர்கள். வாரம் இரண்டு வகுப்பு, உடலமைப்பில் குறையில்லை என்றால் பயிற்சியின் நான்காம் வருடத்தில் தொடங்கலாம். இடுப்பும் வயிறும் பலவீனமாக இருந்தாலோ, கணுக்கால் அளவுக்கு மீறி வளைந்துகொடுத்தாலோ தள்ளிப்போடுங்கள். ரப்பர் மாதிரி வளையும் பிள்ளையைப் பார்த்து "இவளுக்குப் பிறவியிலேயே பாலே கால்" என்று பூரித்துப்போகிறவர்கள் அந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்கவும். அப்படிப்பட்ட காலைக் கட்டுப்படுத்தத்தான் கூடுதல் பலம் வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் எழுதும் ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் தேர்வுகளில் பாயின்ட் வருவது இன்டர்மீடியட் ஃபவுண்டேஷன் நிலையில். அதற்குக் குறைந்தபட்ச வயது 11. இன்னொரு விஷயம் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை: கிரேடு 1 முதல் 8 வரை பாயின்ட் இல்லாமலே போகலாம். வாரம் ஒருமுறைதான் கூட்டிக்கொண்டு போக முடியும், பெட்ரோல் விற்கிற விலைக்கு அதற்கு மேல் முடியாது என்றால் அந்த வழி இருக்கிறது. அது இரண்டாந்தரமும் இல்லை.

பெரியவர்களுக்கு எலும்பு முதிர்ந்திருக்கும் என்பதால் வயதுத் தடை இல்லை. பலமும் நிற்கும் கோடும் அவர்களுக்கும் வேண்டும். தொடர்ந்து சில வருடம் வகுப்பில் நின்ற பிறகு ஆசிரியரிடம் கேளுங்கள்.

இரண்டாம் படி: சமையலறை மேடை அருகே ஒரு சோதனை

இது ஏறுவதற்கான அனுமதி இல்லை. "இன்னும் இல்லை" என்பதைப் பிள்ளையே புரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

வெறுங்காலோடு மேடை ஓரத்தை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். முழங்கால் நேராக. மெல்ல குதிகாலைத் தூக்கி, மெல்ல இறக்க வேண்டும். நீங்கள் பின்னால் தரையில் உட்கார்ந்து குதிகாலை மட்டும் பாருங்கள். முதல் ஐந்தாறு அழகாகப் போகும். அப்புறம் கவனித்தால், குதிகால் ஏறும் உயரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். முழங்கால் ஒரு பொட்டு மடியும். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் நேராக நிற்காமல் ஒரு பக்கம் வளையும். பெருவிரல் தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். உயரமும் நேரும் குறையாமல் 20 முறைக்கு மேல் இரண்டு காலிலும் வர வேண்டும். 12இல் ஆட்டம் கண்டால் ஷூ வாங்கும் பேச்சை அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

அடுத்தது, காலை நீட்டி உட்கார்ந்து பாதத்தை முழுதாக நீட்டட்டும். ஒரு பென்சிலை முன்கணுக்காலின் மேல், கால் எலும்பிலிருந்து பாதம் நோக்கி வையுங்கள். பென்சில் படிந்து கிடந்தால் நீட்சி போதும். கணுக்கால் மடிப்பில் முட்டிக்கொண்டு நிமிர்ந்தால் போதாது.

நடன மருத்துவர்கள் செய்யும் சோதனை இன்னும் கடுமை. ஒற்றைக் காலில் நின்று உடம்பை முன்னால் சாய்த்து, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, கை தரையைத் தொடும்வரை முழங்காலை மடக்கி எழ வேண்டும். ஐந்தில் நான்கு முறையாவது முழங்கால் உள்ளே விழாமல் வர வேண்டும். ஒற்றைக் காலில் 16 குதியில் குறைந்தது எட்டாவது சுத்தமாக இருக்க வேண்டும். இதை வகுப்பில் ஆசிரியரே பார்க்கட்டும்.

பரதம் ஆடுகிற பிள்ளைக்கு

"என் மகள் அரங்கேற்றமே முடிச்சாச்சு, அவ காலுக்கு என்ன குறை?" என்று கேட்கும் அம்மாக்கள் உண்டு. அரைமண்டி கொடுக்கும் தொடைப் பலமும், இடுப்பிலிருந்து காலைத் திருப்பும் பழக்கமும், தாளமும் பாலேயில் நன்றாகவே உதவும். ஆனால் பரதத்தில் கால் பெரும்பாலும் தட்டையாகத் தரையைத் தட்டுகிறது, முழங்கால் மடிந்தே இருக்கிறது. குதித்து மெட்டடவில் முன்பாதத்தில் குதித்தாலும் உடனே குதிகால் இறங்கிவிடும். பாயின்டில் முழங்கால் முழுக்க நேராக, கணுக்கால் முழுக்க நீண்டு, அப்படியே தாங்க வேண்டும். அந்தத் தசைகளுக்குப் பரதத்தில் வேலை குறைவு. அதனால் பரதத்தில் எத்தனை வருடம் ஆனாலும் பாலேக்குப் புதிதாகத்தான் கணக்கு. இன்னொன்று: காலையில் பரத வகுப்பு, மாலையில் பாலே என்று ஒரே நாளில் இரண்டும் வைத்தால் குதிகால் தசைநாண் பாவம்.

மூன்றாம் படி: ஆசிரியரைத் தேடுவது

ராயல் அகாடமியோ செக்கெட்டி முறையோ, எதில் தகுதி பெற்றவர் என்று கேளுங்கள். அகாடமியின் இணையதளத்தில் பதிவுபெற்ற ஆசிரியர்களை ஊர் வாரியாகத் தேடலாம். வகுப்பைப் பார்க்க ஒருநாள் போய் உட்காருங்கள். பாயின்ட் தொடங்கும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகச் சோதிப்பாரா? வாங்கிய ஷூவை ரிப்பன் தைக்கும் முன் அவர் பார்ப்பாரா? தரை துள்ளலுள்ள மரத்தரையா, மேலே வழுக்காத விரிப்பு இருக்கிறதா? வகுப்பு முழுவதையும் ஒரே நாளில் ஷூ போடவைக்கும் பள்ளியாக இருந்தால் எனக்கு யோசனைதான். "உங்கள் பிள்ளைக்கு இன்னும் ஒரு வருடம் ஆகட்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் டீச்சர் கிடைத்தால் விடாதீர்கள்.

நான்காம் படி: காத்திருக்கும் காலத்தில் வீட்டில் செய்யக்கூடியவை

இதற்கு டீச்சர் பக்கத்தில் இருக்க வேண்டாம், ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும்.

இரண்டு கணுக்காலுக்கும் நடுவே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து இறுக்கிக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். தம்பி கிரிக்கெட்டுக்கு வைத்திருக்கும் பந்தே போதும். பந்து விழுந்தால் கணுக்கால் வெளியே சரிந்தது என்று பொருள். திருத்த ஆள் இல்லாத நேரத்தில் அந்தப் பந்துதான் டீச்சர்.

விரல்களை மடக்காமல் தரையில் நீட்டிவைத்தே பாதத்தின் வளைவை மட்டும் மேலே தூக்கிப் பிடிப்பது இன்னொன்று. சின்ன வேலையாகத் தெரியும். முதல் நாள் பாதம் பிடித்துக்கொள்ளும். ரப்பர் பட்டையைப் பாதத்தில் சுற்றி, முதலில் கணுக்கால், கடைசியில் விரல் என்று வரிசையாக நீட்டி, அதே வரிசையைத் திருப்பி மடக்குங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். பழகியதும் கண்ணை மூடி நில்லுங்கள்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. பாதம் வளைய வேண்டும் என்று சோபாவுக்கு அடியில் விரலை மாட்டி அழுத்துவது, அண்ணனைக் காலின்மேல் உட்காரச் சொல்வது, இணையத்தில் விற்கும் மரக்கருவியில் காலை மாட்டுவது. தசைநார் தளர்ந்துவிட்டால் அதை இறுக்கிக் கொடுக்கும் பயிற்சி எதுவும் கிடையாது.

ஐந்தாம் படி: ஷூ வாங்கும் நாள்

ஆசிரியர் சரி சொன்ன பிறகு, நேரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். ப்ளாக், ஃப்ரீட், கேப்பசியோ என்று கம்பெனிக்குக் கம்பெனி வடிவம் வேறு. பள்ளி ஷூ அளவு இதற்குப் பொருந்தாது. பெரிய அளவாக வாங்கினால் அடுத்த வருடமும் ஆகும் என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே ஆபத்து. பாதம் உள்ளே வழுக்கி இறங்கி நகம் நேராக நுனியில் மோதும். சரியான ஷூவில் நின்றால் விரல்கள் நீண்டிருக்கும், முழங்காலை லேசாக மடக்கும்போது நுனியைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். ஏறி நிற்கும்போது குதிகால் துணியைக் கிள்ளினால் கொஞ்சமாகப் பிடிபடும். விரலுக்கு வைக்கும் பஞ்சோ ஜெல்லோ எதுவோ, அதையும் போட்டே அளவு பாருங்கள். பஞ்சை அடைத்துப் பெரிய ஷூவைச் சரிக்கட்ட முடியாது.

பழைய ஷூ வேண்டவே வேண்டாம். யாராவது அன்போடு கொடுத்தால், வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். ஷாங்கை இரண்டு கையாலும் வளைத்தால் எதிர்ப்பே இல்லாமல் மடியும், அதுவும் கொடுத்தவளின் பாதம் எங்கே வளைந்ததோ அந்த இடத்தில். பாக்ஸின் பக்கவாட்டை அழுத்தினால் தொங்கும். நுனி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும். புதியவர் அதில் ஏறினால் அந்தச் சரிவு அவரையும் அதே பக்கம் இழுக்கும். சுவரில் மாட்ட அழகாக இருக்கும், மாட்டிவிடுங்கள்.

ரிப்பன் முடிச்சைக் கணுக்காலின் உட்பக்கப் பள்ளத்தில் போட்டு உள்ளே செருகுங்கள். குதிகால் தசைநாணின்மேல் முடிச்சு வந்து இறுக்கினால் அங்கே வீக்கம் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள், ஒட்ட வெட்டாதீர்கள்.

ஏற்கெனவே தனியாக ஏறிவிட்டவர்களுக்கு

திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த முறை வலியை மறைப்பாள். எங்கே ஏறினாள் என்று மட்டும் கேளுங்கள். நம் வீடுகளில் அது டைல்ஸ் ஒட்டிய கான்கிரீட் தரை, இல்லையென்றால் சிவப்புப் பாலிஷ் போட்ட ஸ்டூப், அதாவது வீட்டு முன்திண்ணை. இரண்டும் வழுக்கும், இரண்டிலும் துள்ளல் இல்லை.

கால் பிசகிவிட்டால் நான்கு காலடி எடுத்துவைத்து நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபக்கக் குமிழ் எலும்பின் பின்விளிம்பிலோ நுனியிலோ, சுண்டுவிரல் பக்கப் பாத எலும்பின் கணுக்கால் பக்க முனையிலோ, பாதத்தின் உட்பக்க நடுவிலோ அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஆயா எண்ணெய் போட்டு நீவிவிட வந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். முறிவு இல்லை என்று தெரியும்வரை நீவக்கூடாது, வீங்கிய முதல் சில நாட்களும் கூடாது. காலை உயர்த்திவைத்துக் கட்டுப்போட்டு ஓய்வு கொடுங்கள். தென்னாப்பிரிக்காவில் பிசியோவைப் பார்க்க டாக்டர் சீட்டு தேவையில்லை, நேராகப் போகலாம். மெடிக்கல் எயிட் (மருத்துவக் காப்பீடு) இல்லாதவர்கள் அரசு கிளினிக்கில் தொடங்குங்கள்.

விழாமலே வரும் வலியையும் விட்டுவிடாதீர்கள். பாதத்தின் நடுமேற்பகுதியில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் சுருக்கென்று வலிப்பது, இரவில் வலிப்பது, பாதத்தை நீட்டும்போது கணுக்காலுக்குப் பின்னால் கிள்ளுவது, பெருவிரல் மடக்கி நீட்டும்போது சொடுக்குவது. மாத்திரை போட்டு அமுக்கிவிட்டு ஆடவிடாதீர்கள். எடைக்குப் பயந்து சரியாகச் சாப்பிடாத, மாதவிலக்கு நின்றுபோன பெண்ணுக்கு எலும்பில் விரிசல் எளிதாக வரும். அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

டீச்சரோடு தொடங்கிய பிறகு முதல் மாதங்கள்

எதிர்பார்த்த மாதிரி இருக்காது. உடம்பு சூடான பிறகு, வகுப்பின் கடைசியில், பத்துப் பதினைந்து நிமிடம், சுவரோரப் பயிற்சிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறுவது, இறங்குவது. இறங்குவதுதான் கஷ்டம்; தொப்பென்று விழாமல் பாதம் வழியாக உருட்டி இறங்க வேண்டும். கம்பியை விட்டு நடுக்கூடத்துக்கு வருவது எப்போது என்று பிள்ளை நச்சரிப்பாள். அதை டீச்சரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் போட்டுப் பழகலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். சிலர் முதல் சில மாதம் ஷூவை ஸ்டூடியோவிலேயே வைத்துக்கொள்வார்கள், எனக்கு அது பிடித்த ஏற்பாடு.

வீட்டுக்கு வந்தால், டர்பன் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்துவைக்காதீர்கள். வியர்வையில் பசை இளகி பாக்ஸ் சீக்கிரம் தொங்கிவிடும். பஞ்சை வெளியே எடுத்து, நிழலில் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுங்கள். வளரும் பிள்ளை என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை டீச்சரிடம் காட்டி, ஷூ இன்னும் காலுக்குச் சரியாக இருக்கிறதா, ஷாங்க் இன்னும் தாங்குகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.